சூழொலியும் சொல்லும்: இல்லத் திரையரங்க ஒலிமுறைகள் பற்றிய ஓர் ஆய்வு

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்திய தொல்காப்பியர், மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கிற்கும் பின்னர்ச் செவியை வைத்தார். மரபியல் காட்டும் அவ்வரிசையில் செவியறிவு ஐந்தாவது. அதற்கு மேல் மனம் ஒன்றே உண்டு. காணும் அறிவைவிடக் கேட்கும் அறிவு மனத்திற்கு ஒரு படி அண்மையில் உள்ளது என்று அவ்வரிசைக்குப் பொருள் காண்பது வலிந்து கூறலாகாது. வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார்.

இத்தகைய மரபில் வந்த நாம், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும்போது கண்ணுக்கு மட்டும் அங்குலக் கணக்குப் பார்த்துத் தெளிவாக நடந்துகொள்கின்றோம். செவியின் முறை வரும்போதோ அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களிடம் நம்மை ஒப்படைத்துவிடுகின்றோம். 5.1, 7.1, 5.1.2 என்பன எண்கள்; டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ்., அட்மாஸ் என்பன பெயர்கள். இவை எவற்றைக் குறிக்கின்றன, எவற்றைக் குறிப்பதில்லை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒலிப்பொறியாளர் இதனை வேறு வகையில் எழுதுவர். நாமோ சொல்லைத் தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர். ஆதலின் எம்மிடம் உள்ள உரைகல் ஒன்றே: பேசப்படும் சொல் கேட்போரைச் சென்று சேர்கின்றதா என்பதே அது.

கேட்பவரை நடுவில் இருத்தி, முன்னும் பக்கமும் பின்னுமாக அமைந்த ஒலிபெருக்கிகளால் ஒலியை வழங்குவதைச் சூழொலி என இக்கட்டுரையில் வழங்குகின்றோம். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் எனத் தனியே பதிவுசெய்யப்பட்ட ஒலி, ஒலிவழி எனப்படும். சானல் என்று கடைக்காரர் கூறுவது இதனையே.

செவி திசை அறியும் வகை

கண்ணை மூடிக்கொண்டிருப்பினும் கதவு எப்பக்கம் தட்டப்படுகின்றது என நாம் அறிகின்றோம். இடப்பக்கத்து ஒலி இடச்செவியை முதலில் அடைகின்றது. வலச்செவியை அடையச் சற்றுக் காலம் தாழ்கின்றது. அவ்வேறுபாடு மிகுதியாகப் போனாலும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. அத்துணைச் சிறு காலத்தையும் மனம் அளந்துவிடுகின்றது. மேலும், கீச்சென்னும் உயரலை ஒலிகளைத் தலை மறைத்து நிழல் செய்வதால் மறுசெவியில் அவற்றின் வலிமை குறைகின்றது. காலத்தாலும் வலிமையாலும் திசை அறியப்படும் இவ்விரு வழிகளையும் ஆங்கிலேய அறிவியலறிஞர் இராலே பிரபு 1907-இல் விளக்கினார். முன், பின், மேல், கீழ் என்னும் வேறுபாட்டைப் பெரிதும் தருவது செவிமடலின் மடிப்புகள்.

இங்கு இன்னோர் இயல்பும் கருதத் தக்கது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறிது கால இடைவெளியில் வந்தால், எது முதலில் வந்ததோ அதன் திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகச் செவி கொள்கின்றது. இதனை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

ஒற்றை ஒலியிலிருந்து சூழொலிக்கு

பேசும்படம் தோன்றிய காலத்தில் திரைக்குப் பின்னிருந்து ஒற்றை ஒலியே வந்தது. திரையின் ஓரத்தில் நிற்பவன் பேசினாலும் குரல் வேறிடத்திலிருந்து வரும். இக்குறையைக் களைய முனைந்தவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் பிளம்லைன். அவர் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமையே இன்று ஸ்டீரியோ எனப்படும் இரட்டையொலியின் அடித்தளம். தம் கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1942-இல் ராடார் ஆய்வுக்காகப் பறந்த விமானம் விபத்துக்குள்ளானதில் தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1933-இல் செய்த சோதனை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பிலடெல்பியாவில் நிகழ்ந்த இசையரங்கைக் கம்பி வழியே வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கோர் அரங்கில் அவையோர்க்குக் கேட்பித்தனர். அதற்கு அவர்கள் கொண்டது இரண்டு ஒலிவழிகள் அல்ல, மூன்று: இடம், நடு, வலம். நடு எதற்கு? இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே அளவில் ஒலித்தால் ஒலி நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் அத்தோற்றம் சரிநடுவில் அமர்ந்தவர்க்கு மட்டுமே வாய்க்கும். பக்கத்து இருக்கையினருக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி முந்தி வரும். மேலே சொன்ன இயல்பால் நடுக்குரல் முழுவதும் அப்பக்கம் சாய்ந்துவிடும். ஓர் அவைக்கு ஒலி வழங்குவதாயின் நடுவில் மெய்யாகவே ஓர் ஒலிபெருக்கி வேண்டும் என்பது இவ்வாறு தொண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே தெளிவாயிற்று.

1940-இல் வால்ட் டிஸ்னியின் 'பேண்டேஷியா' படத்திற்கென ஆக்கப்பெற்ற ஃபேண்டசவுண்ட் முறை அவையோரின் பின்புறமும் ஒலியைக் கொண்டுசென்றது. செலவு மிகுதியால் ஒரு சில அரங்குகளோடு அது நின்றுபோயிற்று. 1953-இல் வெளிவந்த 'தி ரோப்' என்னும் சினிமாஸ்கோப் படத்தில் இடம், நடு, வலம், சூழல் என நான்கு ஒலிவழிகள் காந்தத் தடங்களாகப் படச்சுருளிலேயே அமைந்தன. எழுபதுகளில் இல்லங்களுக்கென வந்த நாற்புற ஒலி இசைத்தட்டுகள் நிலைக்கவில்லை. நிறுவனங்கள் ஒன்றோடொன்று பொருந்தாத முறைகளை வெளியிட்டு வாங்குவோரைக் குழப்பியது அதற்குப் பெருங்காரணம்.

நான்கை இரண்டில் அடக்குதல்

இவ்விடத்தில் டால்பி என்னும் பெயர் வருகின்றது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே நம் மாணவர் பலர் அறியார். ரே டால்பி என்னும் அமெரிக்கர் யுனெஸ்கோ அறிவுரைஞராக இரண்டாண்டுகள் இந்தியாவில் பணியாற்றிய பின், 1965-இல் இலண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைப்பதே அவருடைய முதற்பணி.

1975-இல் அவர் நிறுவனம் அறிமுகப்படுத்திய டால்பி ஸ்டீரியோ, படச்சுருளின் ஓரத்தில் இருந்த சிறு இடத்தில் இரண்டு ஒளித்தடங்களை மட்டும் கொண்டு நான்கு ஒலிவழிகளைத் தந்தது. இதனை விளக்க நம்மிடம் நல்ல உவமை உண்டு. காளமேகப் புலவரின் சிலேடையில் ஒரே சொற்றொடர் இரு பொருளுக்கும் பொருந்தி நிற்கும். பிரித்தறிய வேண்டுவது கேட்பவரின் கடன். அவ்வாறே நடு ஒலி இரு தடங்களிலும் ஒரே அளவில், ஒரே போக்கில் பதியப்பட்டது. சூழல் ஒலியும் இரு தடங்களிலும் பதியப்பட்டது. ஆனால் ஒன்றில் அலை எழும்போது மற்றதில் விழுமாறு எதிரெதிராக வைக்கப்பட்டது. பிரிக்கும் கருவி இரண்டையும் கூட்டினால் நடு ஒலி மேலோங்கிச் சூழல் மறையும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நடு மறைந்து சூழல் வெளிப்படும். பிரிக்கும் கருவி இல்லாதவர்க்கோ அதுவே சாதாரண இரட்டையொலியாக இன்பம் தரும்.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' பெற்ற வெற்றியால் இம்முறை உலகெங்கும் பரவிற்று. 1982-இல் டால்பி சரவுண்ட் என்னும் பெயரில் வீடியோ நாடா வழியே இல்லம் புகுந்தது. தொடக்கத்தில் வந்த இல்லக் கருவிகள் நடு ஒலியைத் தனியே பிரித்துத் தரவில்லை. அக்குறையை 1987-இல் வந்த புரோ லாஜிக் தீர்த்தது. சிலேடையில் சில வேளை பொருள் மயங்குவது போல இம்முறையிலும் ஒலிவழிகள் ஒன்றிலொன்று கசிவதுண்டு.

டிஜிட்டல் முறைகள்

கசிவைத் தவிர்க்க ஒவ்வோர் ஒலிவழியையும் தனித்தனியே எண்களாகப் பதிதல் வேண்டும். 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டல் திரையரங்கிற்கு வந்தது. எண்குறிகள் படச்சுருளின் துளைகளுக்கு இடையே அச்சிடப்பட்டன. மறு ஆண்டே 'ஜுராசிக் பார்க்' படத்துடன் வந்த டி.டி.எஸ்., ஒலியைச் சுருளில் வையாமல் தனிக் குறுந்தகடுகளில் வைத்து, சுருளில் இருந்த காலக்குறியால் படத்தோடு இணைத்தது. இவ்விரண்டும் பின்னர் டி.வி.டி. வழியே இல்லங்களை அடைந்தன.

5.1 என்பதில் உள்ள ஐந்து, இடம், நடு, வலம், இடச்சூழல், வலச்சூழல் ஆகியன. 'புள்ளி ஒன்று' என்பது அதிர்வெடி, இடி போன்ற தாழலை ஒலிகளுக்கு மட்டுமான ஒலிவழி. அது வினாடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகளுக்கு மேல் எதனையும் ஏற்பதில்லை. முழு ஒலிவழியின் ஒரு சிறு பகுதியே என்பதால் அவ்வாறு எழுதும் வழக்கம் உண்டாயிற்று. மிகத் தாழ்ந்த ஒலிகளின் திசையைச் செவி எளிதில் அறியாது. ஆதலின் சப்வூஃபர் என்னும் பெட்டி ஒன்றே போதும்.

ஐந்து ஒலிவழிகளைச் சுருக்காமல் குறுந்தகட்டின் தரத்திற்கு ஒப்பப் பதிந்தால் வினாடிக்கு 35 இலட்சம் எண்குறிகளுக்கு மேல் தேவை. டி.வி.டி.யில் டால்பி டிஜிட்டல் எடுத்துக்கொள்வது மிகுதியாகப் போனால் 4,48,000. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இது சுருங்கியது எவ்வாறு? வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்தாலும் பொருள் கெடுவதில்லை. அது போல, ஒரு பேரொலியின் அருகே செவிக்குப் புலப்படாமல் மறையும் சிற்றொலிகளைச் சிக்கனமாக எழுதியும் சிலவற்றை விட்டும் விடுகின்றனர். உவமை முற்றும் பொருந்தாது. தொகையில் மறைந்த உருபை விரித்துப் பெறலாம், இங்கு விடப்பட்டதைத் திரும்பப் பெற முடியாது. டி.டி.எஸ். வினாடிக்கு 15 இலட்சம் வரை எடுத்துக்கொண்டதால் அதுவே மேலானது என வாதிட்டோர் உண்டு. எண்ணிக்கை மிகுதி ஒன்றே தரமாகாது. சுருக்கும் முறையின் நுட்பமும் பதிவின் தரமுமே பெரிதும் முடிவு செய்வன.

2006-இல் புளூ-ரே தகடுகள் வந்தபின் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்னும் இழப்பிலா முறைகள் இடம்பெற்றன. புணர்ந்த சொல்லைப் பிரித்தால் நிலைமொழியும் வருமொழியும் பழுதின்றிக் கிடைப்பது போல, இவற்றை விரித்தால் கலைக்கூடத்துப் பதிவு அவ்வாறே கிடைக்கும். பக்கத்திற்கும் பின்னுக்கும் தனித்தனிச் சூழல் ஒலி வைத்தால் 7.1 ஆகும், அதுபற்றி அதிகம் கூற ஒன்றுமில்லை. டி.எச்.எக்ஸ். என்பதைப் பலர் இவற்றோடு சேர்த்து எண்ணுகின்றனர். அது பதிவுமுறை அன்று. அரங்கிற்கும் கருவிக்கும் அளிக்கப்படும் தரச்சான்று.

2012-இல் 'பிரேவ்' படத்துடன் வந்த டால்பி அட்மாஸ் வேறொரு கோட்பாட்டினது. முந்தைய முறைகளில் ஒலி ஒலிபெருக்கிக்கு அனுப்பப்பட்டது. 'தெருவின் மூன்றாம் வீட்டில் கொடு' என்று எழுதிய மடல் போன்றது அது. அட்மாஸிலோ ஒரு பறவையின் ஒலியோடு, அஃது அறையின் எப்புள்ளியில் எந்நொடியில் இருக்க வேண்டும் என்னும் குறிப்பும் சேர்ந்து வருகின்றது. எந்த ஒலிபெருக்கியிலிருந்து அதனை எழுப்புவது என்பதை, அவ்விடத்தில் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு ஏற்பக் கருவியே கணக்கிடும். திரையரங்கில் 128 தடங்கள், 64 ஒலிபெருக்கி வழிகள் வரை செல்லும் இம்முறை 2014-இல் இல்லத்திற்கும் வந்தது. மறு ஆண்டில் டி.டி.எஸ். எக்ஸ் வந்தது. 5.1.2 என்பதில் இறுதியில் உள்ள இரண்டு, கூரையிலிருந்து கேட்கும் ஒலிக்கானது. தமிழ்த் திரையுலகமும் இவற்றில் பின்தங்கவில்லை. முப்பரிமாணத்தில் மறுபடி வெளிவந்த 'சிவாஜி' 2012-இல் அட்மாஸ் முறையிலும், 'விஸ்வரூபம்' 2013-இல் ஆரோ 3டி முறையிலும் ஒலித்தன.

சொல் எங்கே போயிற்று?

எம் உறவில் பெரியத்தா ஒருவர், எழுபது கடந்தவர், பழைய படங்களின் உரையாடலை நினைவிலிருந்து ஒப்பிக்கக்கூடியவர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மகன் அவருக்காகவே சூழொலிக் கருவி ஒன்றைக் கொணர்ந்து பொருத்தினார். சில நாள் கழித்துக் கண்டபோது, "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல. மவன் மனசு கோணும்னு சொல்லாம இருக்கேன்" என்றார். பேரப்பிள்ளைகள் சிரிக்கும்போது தாமும் சேர்ந்து சிரித்துவிடுவதாகவும் சொன்னார். இது அவர் ஒருவரின் குறையன்று. முதுமையில் செவி முதலில் இழப்பது உயரலை ஒலிகளை. உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அலைகளில் உள்ளது. சொல்லைச் சொல்லினின்று பிரித்துக்காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மையோ உயர்ந்த அலைகளில் உள்ளது. ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் பிரிப்பது மிக நுண்ணிய ஒலிக்கூறு. அது மழுங்கினால் மூன்றும் ஒன்றே.

திரைப்படத்தில் உரையாடலின் பெரும்பகுதி நடு ஒலிவழியில் வைக்கப்படுகின்றது. ஆயினும் நம் இல்லங்களில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது நடு ஒலிபெருக்கியே. பெரியத்தா வீட்டில் அது கண்ணாடிக் கதவிட்ட அலமாரிக்குள், அழகுக்காக உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சூழல் ஒலிபெருக்கி ஒன்று அவர் நாற்காலியின் காதருகே சுவரில் மாட்டியிருந்தது. அவருக்கு வந்து சேர்ந்தது மழையும் வாகன இரைச்சலும், வராதது பேச்சு.

செய்ய வேண்டியவை எளியன. நடு ஒலிபெருக்கி திரைக்கு நேர் கீழோ மேலோ, மறைப்பின்றி, விளிம்பிற்கு வந்து, அமர்ந்திருப்பவரின் செவியை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். முன் இரண்டும் கேட்பவரிடமிருந்து நடுக்கோட்டிற்கு இருபுறமும் 30 பாகையில் அமையும். சூழல் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னே அமைதல் வேண்டும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என இளங்கோவடிகள் அளந்து கூறியதைப் பாடம் நடத்தும் நமக்கு, கலைக்கு இட அளவு இன்றியமையாதது என்பது புதிய செய்தியன்று.

ஒலி ஆயிரத்தில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும். ஓர் ஒலிபெருக்கி மற்றவற்றினும் ஒரு மீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி ஆயிரத்தில் மூன்று வினாடி முந்திவிடும். கருவியின் பட்டியலில் ஒவ்வொன்றின் தொலைவையும் நாடாவால் அளந்து குறித்தால் முந்துவதைக் கருவியே தாழ்த்தி அனுப்பும். இவ்வேலையைப் பொருத்த வருவோர் பெரும்பாலும் செய்வதில்லை. அதே பட்டியலில் நடு ஒலியை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தும் வசதியும் உண்டு. முதியோர் உள்ள வீட்டில் தயங்காமல் உயர்த்தலாம், இயக்குநர் வருந்தமாட்டார்.

அறையும் கருதத் தக்கது. பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை மீண்டும் மீண்டும் எதிரொலித்து மெய்யெழுத்துகளை மழுக்கும். ஒரு தடித்த விரிப்பும் துணித் திரைச்சீலையும் செய்யும் நன்மையை அதிக விலையுள்ள ஒலிபெருக்கி செய்யாது.

சூழொலிக் கருவி இல்லாதவர்க்கும் ஒரு குறிப்பு. தொலைக்காட்சியின் இரு சிறு ஒலிபெருக்கிகளில் 5.1 ஒலி கேட்கப்படும்போது, நடு ஒலி சற்றுக் குறைக்கப்பட்டு இடத்திலும் வலத்திலும் கலக்கப்படுகின்றது. சூழலும் அவற்றிலேயே கலக்கின்றது. இசையும் ஆரவாரமும் பேச்சின் மேல் ஏறி அமர்வதற்கு இஃதொரு காரணம். ஒலித் தெரிவுப் பட்டியலில் 5.1, ஸ்டீரியோ என இரண்டும் இருப்பின், இத்தகையோர் ஸ்டீரியோவைத் தேர்ந்து பார்த்தல் நன்று. கூடுதலாக ஒன்று வாங்கவும் இயலுமாயின், இரண்டு பெட்டிகளைக் காட்டிலும் நடுவுக்கெனத் தனி ஒலிபெருக்கி கொண்ட சவுண்ட்பார் பேச்சுக்கு உகந்தது.

இரவு நேரத்திற்கெனப் பல கருவிகளில் ஓர் அமைப்பு உண்டு. டால்பி டிஜிட்டல் பதிவோடு, பேச்சின் சராசரி அளவு என்ன, பேரொலியை எவ்வளவு அடக்கலாம், மெல்லொலியை எவ்வளவு உயர்த்தலாம் என்னும் குறிப்புகளும் எழுதப்பட்டு வருகின்றன. அவ்வமைப்பை இயக்கினால் கருவி அக்குறிப்புகளைப் பின்பற்றும். வெடியோசை தணிந்து முணுமுணுப்பும் கேட்கும். தாழலைகள் சுவரை ஊடுருவிச் செல்வன. நாம் கதவடைத்துவிட்டோம் என்று எண்ணும்போது அடுத்த வீட்டுக் குழந்தை விழித்திருக்கும். சப்வூஃபரைச் சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் மேலும் கூடும். பெரியத்தா வீட்டில் அதனை மூலையிலிருந்து வெளியே இழுத்து, அளவையும் பாதியாகக் குறைத்தோம்.

இறுதியாக இணைப்புக் கம்பி பற்றிச் சில சொல்லல் வேண்டும். ஒளியிழை வடம் டால்பி டிஜிட்டலையும் டி.டி.எஸ்.ஸையும் 5.1 வரை கொண்டுசெல்லும். இழப்பிலா முறைகளைக் கொண்டுசெல்லாது. அவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. வடம் வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து ஒலிக்கருவிக்குத் திருப்பி அனுப்புவதாயின் இ-ஆர்க் என்று குறித்த துளையே இழப்பிலா ஒலியை ஏற்கும். இணையவழிப் படங்களில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் சுருக்கப்பட்ட முறையில் வருவதால் பழைய ஆர்க் துளையும் பெரும்பாலும் அதற்குப் போதும். எல்லாம் பொருத்தி முடித்தபின் கருவியின் முகப்பில் ஒளிரும் பெயரை மட்டும் பார்த்து அமைந்துவிடலாகாது. தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என வைத்திருந்தால், பல பெட்டிகளில் 5.1 ஒலி இரண்டாகச் சுருங்கியே வெளிவரும். கருவியோ அவ்விரண்டையும் தானே விரித்து ஐந்து பெட்டிகளிலும் ஒலிக்கச் செய்து, சூழொலி என்று முகப்பில் காட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ எனக் குறித்ததைத் தேர்ந்து, உரையாடல் மிகுந்த காட்சி ஒன்றை ஓடவிட்டு, நடு ஒலிபெருக்கியின் அருகே செவியை வைத்துக் கேட்க வேண்டும். பேச்சு அங்கே தெளிவாகவும், பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இசையும் பிற ஓசைகளுமாகவும் கேட்டால், இணைப்பு சரியாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம்.